ஏன் உருண்டை, வட்டம் போதாதா

பல்கலைக்கழகச் சுற்றறிக்கை ஒன்றுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய மனிதர் இந்த உலகத்தில் என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

அது என் முனைவர் பட்டத்தின் வாய்மொழித் தேர்வுக்கான அறிவிப்பு. வைவா என்று சொன்னால்தான் எங்களுக்கே புரியும். ஆய்வேட்டைக் கொடுத்து, வெளியூர்த் தேர்வாளர்கள் அதைப் படித்து, பட்டம் கொடுக்கலாம் என்று எழுதிய பிறகு, கடைசியாகப் பொதுவில் நின்று அதை விளக்க வேண்டும். இன்ன நாள், இன்ன கல்லூரி, இன்ன தலைப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் போடுவார்கள். அதன் கடைசி வரியில் 'ஆர்வமுள்ள அனைவரும் கலந்துகொள்ளலாம்' என்று இருக்கும். யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிற வரி அது. வருகைப் பதிவு உண்டு என்று மிரட்டி எம்.எஸ்சி. பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் வழக்கம்.

அந்தத் தாளை வாட்ஸப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன். பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான். அவர் அதை எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரதி எடுத்து, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, அம்மாவைக் குங்குமச் சிமிழோடு கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். கடைக்காரப் பையன் கடைசி வரியைத் தமிழில் படித்துச் சொல்லியிருக்கிறான். எல்லாரும் வரலாம் என்று போட்டிருந்தால், போய் முறைப்படி அழைக்க வேண்டியது பெற்றவர் கடமை. அவருக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை.

எனக்கு முப்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆரம்பத்தில் வரன் வரும்போதெல்லாம் அப்பா, அவ படிச்சு முடிக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். நான் படித்து முடிக்கவே இல்லை, வரன்கள் முடிந்துபோயின. ஆகவே எனக்காக ஊரை அழைக்க அவருக்கு வேறு நல்ல காரியம் எதுவும் வாய்க்கவில்லை. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரிந்திருந்தால் நான் மனுஷி.

வைவாவுக்கு முந்தின நாள் அம்மா போனில், வேன் பேசியாச்சு, அத்தை புளியோதரை கிண்டுகிறாள் என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இது என்ன கல்யாணமா கச்சேரியா, அங்கே எல்லாரும் படித்தவர்கள், எல்லாம் இங்கிலீஷில் நடக்கும், இவர்கள் வந்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கத்தினேன். கத்தி முடிக்கிறவரைக்கும் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாரும் வரலாம்னுதானட்டி போட்டிருக்கு" என்றார். வாருங்கள், ஆனால் மாலை கீலை கூடாது, பின்வரிசையில் உட்கார வேண்டும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பார்.

அந்தப் பட்டத்தில் என் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பௌதிகம் நடத்துகிறேன். ஒவ்வொரு கோடையிலும் எங்களை வீட்டுக்கு அனுப்பி, திறக்கும்போது வேண்டுமானால் கூப்பிட்டுக்கொள்கிற வேலை. நிரந்தர இடம் ஒன்று காலியாகி இருந்தது. பட்டம் கையில் இருந்தால் அது எனக்கு என்று முதல்வர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் இல்லை.

என் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்கிறவர்களிடம் நான் எரிந்து விழுவேன். காரணம், சொன்னால் அடுத்த கேள்வி நிச்சயமாக, இருக்கிறதை எதுக்கு மறுபடியும் கண்டுபிடிக்கணும் என்பதுதான்.

குவாண்டம் கொள்கையைப் பாடம் நடத்தும்போது முதல் வகுப்பிலேயே சில கட்டளைகளைப் பலகையில் எழுதிவிடுவோம். ஒரு பொருளின் நிலையை இப்படிக் குறிக்க வேண்டும், இதற்கு இந்த வகை எண்களைத்தான் போட வேண்டும், அளந்தால் விடை இந்தக் கணக்குப்படி வரும் என்று. ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால், போட்டுப் பார், விடை சரியாக வரும் என்போம். வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கட்டளைகளை யார் போட்டது, வேறு மாதிரி இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டுக் குடைகிற கூட்டம் ஒன்று உலகத்தில் உண்டு. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கையால் செய்யக்கூடியதை மட்டும் வைத்துப் பேசுவார்கள். ஒன்றைத் தயார் செய்கிறோம். அதைத் திருப்புகிறோம், மாற்றுகிறோம். கடைசியில் அளக்கிறோம்; விளக்கு எரிகிறது, அல்லது எரியவில்லை. இவ்வளவுதான் நமக்குத் தெரியும். இதைப் பற்றி யாரும் மறுக்க முடியாத சில எளிய விதிகளைச் சொல்லி, அவற்றிலிருந்து அந்தக் கட்டளைகள் அத்தனையும் தானாக வந்து விழும் என்று காட்ட வேண்டும்.

அந்த விதிகள் பார்க்கச் சாதுவாக இருக்கும். பிறகு செய்யப்போகிற அளவீடு, முன்னால் தயார் செய்துவிட்டதை மாற்றாது என்பது ஒன்று. எந்தத் தெளிவான நிலையிலிருந்தும் இன்னொரு தெளிவான நிலைக்குப் பைய, இடையில் தாவாமல், நகர்த்திக்கொண்டு போகலாம், அதே வழியில் திரும்பியும் வரலாம் என்பது இன்னொன்று. இப்படி நாலு. ஐந்தாவதாக ஒன்று உண்டு. இரண்டு பொருள் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டு இருந்தாலும், இதைத் தனியாக விசாரித்து, அதைத் தனியாக விசாரித்து, இரண்டு விடையையும் ஒத்துப் பார்த்தால், அவை சேர்ந்து இருக்கிற இருப்பு முழுவதும் தெரிந்துவிடும் என்கிறது அது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைப் பற்றி ஒரு ஊரிலும் மாப்பிள்ளையைப் பற்றி இன்னொரு ஊரிலும் விசாரித்துவிட்டு, இரண்டையும் வைத்துப் பார்த்து முடிவு செய்கிறார்களே, அது மாதிரி என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஐந்தைக்கொண்டு குவாண்டம் கொள்கையை வருவிப்பதை மற்றவர்கள் முன்பே செய்துவிட்டார்கள். என் ஆய்வேட்டின் பெருமை, ஐந்தாவது தேவையில்லை, நாலே போதும் என்று காட்டியது. அந்த ஐந்தாவதை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. கல்யாண விசாரிப்பில் எனக்கு நம்பிக்கை போய் நாளாகிவிட்டது.

அப்பா ஒருமுறை, அப்போ இது புதுசு இல்லையா என்று கேட்டார். கொள்கை பழசு, வழி புதுசு என்றேன். அந்தக் கடைசி இரண்டு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவரோடு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சாயங்காலம் கூடுகிற டீக்கடையில், எம்மவ பண்ணினது வழி புதுசு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். எங்கள் பக்கத்தில் பௌதிகத்தில் பட்டம் என்றால் பெரும்பாலும் படிகம் வளர்ப்பதுதான். உப்புக் கரைசலைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, தூசி விழாமல் மூடி, படிகம் வளர வளர அளந்து எழுத வேண்டும். அவரும் அதில் வந்தவர்தான். எனக்குப் படிகத்தில் பொறுமை இல்லை என்று தெரிந்ததும், உனக்குப் பிடித்ததைச் செய், எனக்குப் புரியாது, ஆனால் கையெழுத்துப் போடுவேன் என்றார். சொன்ன சொல் தவறவில்லை. ஆக என் கணக்கை வரி வரியாகப் படித்துச் சண்டை போட இங்கே ஒரு ஆள் இல்லை. ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர்களும் நல்லபடியாகவே எழுதியிருந்தார்கள். வைவா வெறும் சம்பிரதாயம், நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வா என்று துறையில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நல்ல சேலைதான் கட்டியிருந்தேன்.

வைவா அன்று காலையில் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்துக்குள் நுழைந்தால், முதல் இரண்டு வரிசையிலும் எங்கள் தெரு உட்கார்ந்திருக்கிறது. பின்வரிசை எல்லாம் பிள்ளைகள் பிடித்துவிட்டார்களாம். பெரியவர்கள் வருகிறார்கள் என்று அவர்களே முன்னால் இடம் விட்டிருக்கிறார்கள். பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, திருநீறு. வெற்றிலை வாசம் மேடை வரைக்கும் வந்தது. அத்தை என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, சடங்கு வீட்டில் சைகை காட்டுகிற மாதிரி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அப்பா வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டு, வரிசையின் ஓரத்தில் நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருந்தார். எனக்குக் கூசியது. யாராவது, இவர்களெல்லாம் யார் என்று கேட்டுவிடுவார்களோ என்று கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திருச்சிப் பக்கத்துக்காரர். நரைத்த தலை, மெல்லிய குரல். மேடை ஏறியதும் முன்வரிசையைப் பார்த்து, ஆச்சரியப்பட்டு, இரண்டு கையையும் கூப்பி வணங்கினார். எங்கள் ஆட்கள் மொத்தமாக எழுந்து வணங்கினார்கள்.

நான் பேச ஆரம்பித்தேன். என் விஷயம் எனக்கு மனப்பாடம். பேசப் பேச முன்வரிசை மறந்துபோயிற்று. ஆங்கிலம் சரளமாக வந்தது. நாலு விதியையும் சொன்னேன். ஐந்தாவது ஏன் வேண்டாம் என்று சொன்னேன். திரையை விட்டுவிட்டுப் பலகைக்குப் போய், இரண்டு விடை மட்டுமே தரக்கூடிய மிக எளிய பொருளை எடுத்துக்கொண்டு, அதன் தெளிவான நிலைகள் அத்தனையையும் புள்ளிகளாக வைத்தால் ஒரு உருண்டையின் மேற்பரப்பு கிடைக்கும் என்று சொல்லி, உருண்டையை ஒரே இழுப்பில் வரைந்தேன். நடுவில் ஒரு சாய்ந்த கோடு, பின்பக்கம் புள்ளிக்கோடு. வருஷா வருஷம் வரைந்த கை. முன்வரிசையில் யாரோ, எம்புட்டு அழகா போடுதா என்று முணுமுணுத்தது கேட்டது.

பேசி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே, நன்றாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது, ஒரே ஒரு சின்னச் சந்தேகம் என்றார். முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று கண்டுகொண்டு, அவர்களுக்கு மரியாதையாகத் தமிழிலேயே கேட்டார்.

"ஏம்மா உருண்டை? வட்டம் போதாதா?"

அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். பதில் என்னிடம் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். நானும் இருக்கும் என்று நம்பி வாயைத் திறந்தேன். உருண்டை, ஏனென்றால், என்று ஆரம்பித்தேன். ஏனென்றால் என்ன? வட்டத்தின் மேலும் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவாமல் பைய நகரலாம். திரும்பியும் வரலாம். என் நாலு விதியையும் வட்டத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதுவும் தடுக்கவில்லை. வட்டம் தாராளமாகப் போதும். அது குவாண்டம் கொள்கையே இல்லை, அதற்குப் பக்கத்து வீட்டு வேறொரு கொள்கை. ஆனால் என் நாலு விதி அதையும் உள்ளே வா என்கிறது. அப்படியென்றால் உருண்டை எங்கிருந்து வந்தது? என் கையிலிருந்து வந்தது. எதை வருவிக்க வேண்டுமோ அதை, பாடம் நடத்திப் பழகிய கை, கேட்காமலே எழுதி வைத்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் எனக்கே தெரியாமல் மறைத்து, பரிமாறி, பெருமையும் அடித்திருக்கிறேன். ஒரு வாத்தியாரம்மாவுக்குத்தான் இப்படித் தப்பு வரும்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். அதுவரை ஒரு சொல்லும் புரியாமல் சும்மா சந்தோஷமாக உட்கார்ந்திருந்த எங்கள் தெருவுக்கு இந்த ஒரு கேள்வி நன்றாகப் புரிந்தது. பச்சைப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வி. அதற்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. என் வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டம் போயிற்று, வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து அது அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் எழுந்தார். மில்லில் எந்த அதிகாரி முன்னாலும் கைகட்டி நின்றதில்லை என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, கையைக் கூப்பி, மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"ஐயா, கோவிச்சுக்கப்படாது. சின்னப்பிள்ள, தெரியாம உருண்டைன்னு போட்டுட்டா. நீங்க சொல்லுதபடி வட்டம்னே மாத்திருவா. பெரிய மனசு பண்ணி பாஸ் போட்டுருங்கய்யா."

பிள்ளைகள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. ஆனால் என் மாணவர்கள் அவர்கள். மானம் கப்பலேறுவது என்று சொல்கிறார்களே, அது கண்ணுக்கு முன்னால் ஏறியது. தேர்வாளர் சிரிக்கவில்லை. குழப்பமாக என் பக்கம் திரும்பி, யார் இவர் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பப்ளிக், சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அவர் அங்கே இல்லாமல் போனால் போதும் என்று இருந்தது. அதற்கு அந்த ஒரு சொல் கைக்கு வந்தது. ஆங்கிலச் சொல்தான், ஆனால் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் அடிபடுகிற சொல், எங்கள் தெருவில் அது தெரியாதவர் யாரும் கிடையாது. அத்தையின் கை அவள் வாய்க்குப் போயிற்று. அம்மா மடியைப் பார்த்துக்கொண்டாள். என் வழிகாட்டிக்கு என் அப்பாவை நன்றாகத் தெரியும். பாபநாசத்துக்குக் குடும்பத்தோடு குளிக்க வந்தபோது எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். அவர் மேசையில் இருந்த தாளைப் படிக்க ஆரம்பித்தார். அப்பா கூப்பிய கையைப் பிரித்தார். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போய் உட்கார்ந்தார்.

எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தை எங்கேயாவது காட்ட வேண்டியிருந்தது. ஆய்வேட்டின் மேல் காட்டினேன். பலகைக்குத் திரும்பி, உருண்டையை அழித்துவிட்டு, வட்டம் வரைந்தேன். நீங்கள் கேட்டது சரி, வட்டம் போதும் என்றேன். என்னுடைய நாலு விதியில் எதுவும் வட்டத்தைத் தடுக்கவில்லை, உருண்டையை நான் வருவிக்கவில்லை, பழக்கத்தில் வரைந்துவிட்டேன், அந்த இடத்தில் என் நிரூபணம் உடைகிறது என்று வரிசையாகச் சொன்னேன். வெளியே துரத்திய ஐந்தாவது விதியைத் திரும்ப அழைத்தால்தான் வட்டம் போகும் என்றும், ஏன் என்றும் அங்கேயே கணக்குப் போட்டேன். வட்டத்தை வைத்துக்கொண்டு அப்படி இரண்டு பொருளைச் சேர்த்தால், தனித்தனியாக விசாரித்து ஒத்துப் பார்ப்பதில் ஒன்பது எண்தான் கிடைக்கும். சேர்ந்த இருப்பை முழுதாகச் சொல்லப் பத்து எண் வேண்டும். ஒன்று எவ்வளவு விசாரித்தாலும் சிக்காது. உருண்டையில் அந்த விடுபாடு கிடையாது; தனித்தனியாகப் பதினாறு, சேர்ந்தும் பதினாறு. ஆகவே ஐந்து விதியும் வேண்டும். ஐந்தும் வேண்டுமென்றால், இதில் என்னுடையது என்று சொல்ல எதுவும் இல்லை.

சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினேன். தேர்வாளர் பேனாவை மூடினார். எத்தனையோ வைவா பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். தப்பைக் காட்டினால் சண்டைக்கு வருவார்கள், மழுப்புவார்கள், வழிகாட்டி மேல் போடுவார்கள், நிற்கிற இடத்திலேயே தன் வீட்டைத் தானே இடித்துக் காட்டியவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு பின்வரிசையைப் பார்த்துத் தமிழில், "நேர்மைன்னா என்னன்னு இவங்களைப் பாத்துக் கத்துக்குங்க" என்றார்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்து எங்கள் தெருவும் தட்டியது. அப்பாவும் தட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நான் லேசாகத் தலை குனிந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

பட்டம் தரப் பரிந்துரைப்பதாகவும், ஆனால் ஐந்தாவது விதியைச் சேர்த்து, நாலு ஏன் போதாது என்று ஒரு அத்தியாயம் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். இது தோல்வி இல்லை, போதாது என்று காட்டுவதும் ஒரு முடிவுதான் என்று தேர்வாளர் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த அத்தியாயத்தைத்தான் இந்த வாரமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தனித்தனியாக விசாரித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எழுதும்போது கை நின்றுவிடுகிறது. கணக்கில் ஒரு குறையும் இல்லை.

முடிவு சொன்னதும் பெற்றோரை மேடைக்கு அழைத்துப் படம் எடுப்பது வழக்கம். என் வழிகாட்டி மைக்கைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் கம்பி இணைப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் எல்லாருக்கும் நன்றி சொல்லி, தேநீருக்கு அழைத்துவிட்டு வைத்துவிட்டார். நான் நிமிர்ந்தபோது முதல் இரண்டு வரிசையும் காலியாக இருந்தது.

வேன் வாசலுக்கு எதிரே மரத்தடியில் நின்றது. எங்கள் ஆட்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை. பெண்கள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் வெளியே, ஓட்டுநரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் தேர்வாளரின் பையை எடுத்துக்கொண்டு அவரோடு கார் வரைக்கும் நடந்தேன். அதுவும் வழக்கம்தான். அவர் நேராகக் காருக்குப் போயிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, அந்தப் பெரியவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று மரத்தடிக்குப் போனார். நான் நாலடி பின்னால் பையோடு நின்றேன்.

உங்களைப் போன்றவர்கள் இப்படி வந்து உட்கார்ந்து கேட்பது பெரிய விஷயம் என்று அவர் அப்பாவிடம் சொன்னார். நீங்கள் அவளுக்காகப் பேசியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். பிறகு, அந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

அப்பா அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். வேன் ஜன்னல்களில் எல்லா முகமும் இருந்தது. அம்மாவின் முகமும். எங்கப்பா சார் என்று சொல்ல எனக்கு இரண்டு சொல்தான் வேண்டியிருந்தது. சொன்னால், நேர்மை என்று சற்று முன்னால் தேர்வாளர் சொன்னது அவர் கண்ணுக்கு முன்னாலேயே பொய்யாகிவிடும். நான் பேசாமல் நின்றேன். அதை அப்பா பார்த்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"உறவெல்லாம் ஒண்ணும் இல்லய்யா" என்றார். "எல்லாரும் வரலாம்னு போட்டிருந்தாவ. சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்."

உள்ளே என்னிடம் கேட்டார், வெளியே அப்பாவிடம் கேட்டார். இரண்டு பதிலும் ஒத்துப்போயின. தேர்வாளருக்கு இனி அதில் சந்தேகம் வர வழியே இல்லை. நல்ல பெண், அவளைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்.

"ஆமாய்யா" என்றார் அப்பா. "குடுத்து வச்சவங்கதான்."

தேர்வாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கார் நகர்ந்தது. நான் மரத்தடிப் பக்கம் திரும்பி, எப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு எட்டு வைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. போகிற காரையே பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னார்.

"அங்கனயே நில்லுட்டி. அவ்வொ கார் வாசலத் தாண்டட்டும்."

நான் நின்றேன்.